தரிசனம் எதுவும் தெரியாவிட்டால் மனக்கண் திறக்கவில்லை என்று அர்த்தமா?

குமரிக்காற்று கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறவன், முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை தோறும் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வசனம், ஜெபம் எல்லாம் முடிந்தபிறகு கண்ணை மூடிக் காத்திருக்கச் சொல்வார்கள். அப்புறம் ஒவ்வொருவராக என்ன கண்டோம் என்று சொல்ல வேண்டும். ஒருவர் வெள்ளை அங்கி தெரிந்தது என்பார், இன்னொருவர் திறந்த கதவைப் பார்த்தேன் என்பார், ஒரு அக்காவுக்கு அநேகமாக எல்லா வாரமும் ஏதாவது தெரியும். எனக்கு இதுவரை எதுவும் தெரிந்ததில்லை. கண்ணை மூடினால் இருட்டுதான். அன்றைக்கு வாசித்த வசனம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவே. அதை அப்படியே சொன்னதற்கு, கூட்டத்தை நடத்துகிறவர் எல்லார் முன்னாலும் "தம்பிக்கு இன்னும் மனக்கண் திறக்கவில்லை, உள்ளே மறைவான பாவம் ஏதோ தடுக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். போன மாதம் அதே அக்கா, எங்கள் வீட்டு நிலைப்படியில் கறுப்புப் பாம்பு ஒன்று சுற்றிக் கிடப்பதைக் கண்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரியில் எழுந்து வாசல் லைட்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார். பக்கத்து வீட்டில் யாராவது ஏதாவது செய்துவைத்திருப்பார்களோ என்று சந்தேகம் வேறு வந்துவிட்டது. இத்தனை வருஷம் குழம்பு கொடுத்து வாங்கிய வீடு அது.

என் கேள்வி இதுதான். பவுல் அப்போஸ்தலர் தம் கடிதத்தில் சொல்லும் அந்த மனக்கண் என்பது என்ன? படம் படமாகத் தெரிவதா? அது ஒருவனுக்குத் திறந்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? எனக்கு யாரையும் குறை சொல்ல ஆசையில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

எம்மாவு வழி எழுதியது:

தம்பி, முதலில் நீங்கள் கேட்ட வசனத்துக்கே போவோம். எபேசியர் 1:18. "பிரகாசமுள்ள மனக்கண்களை" தரவேண்டும் என்று பவுல் வேண்டிக்கொள்கிறார். யாருக்காக? அவிசுவாசிகளுக்காக இல்லை. 15-ம் வசனத்தைப் பாருங்கள், அவர்களுடைய விசுவாசத்தையும் அன்பையும் கேள்விப்பட்டு ஓயாமல் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன் என்று சொன்ன அதே ஆட்களுக்காகத்தான் இந்த ஜெபமும். அப்படியென்றால் மனக்கண்ணுக்கு இன்னும் வெளிச்சம் வேண்டியிருப்பது ஒரு விசுவாசிக்கு அவமானமே இல்லை. அடுத்து, அந்தக் கண்ணால் எதைக் காணச் சொல்கிறார்? தேவன் அழைத்ததால் உண்டான நம்பிக்கை இன்னதென்று, பரிசுத்தவான்களிடத்தில் அவருடைய சுதந்தரத்தின் மகிமை இன்னதென்று, விசுவாசிக்கிறவர்களிடத்தில் அவர் காட்டும் வல்லமை இன்னதென்று. மூன்றும் அறிந்துகொள்ள வேண்டியவை. வெள்ளை அங்கி, கதவு, பாம்பு ஒன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. வசனம் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நீங்கள் எழுதினீர்களே, பவுல் கேட்டதற்குப் பக்கத்தில் நிற்பது அதுதான் என்பேன்.

மாற்கு 8-ம் அதிகாரத்தை உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். பெத்சாயிதாவில் ஒரு குருடனைக் கொண்டுவருகிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போய், கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, எதையாவது காண்கிறாயா என்று கேட்கிறார். அவன் ஏறிட்டுப் பார்த்து, "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். இயேசு செய்த அற்புதம் பாதியில் நிற்கிறது! சுற்றி ஆட்கள் இருந்திருந்தால் அவன் கூச்சப்பட்டு, ஆமாம் எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டிருக்கலாம். அவன் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னான். ஆண்டவரும் உனக்குள் என்ன பாவம் இருக்கிறது என்று கேட்கவில்லை. மறுபடியும் கையை வைத்தார், அவ்வளவுதான். நீங்கள் கூட்டத்தில் இருட்டுதான் என்று சொன்னீர்களே, அந்த மனுஷன் சொன்ன பதிலுக்குச் சொந்தக்காரப் பதில் அது.

மாற்கு இந்தச் சம்பவத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். அதற்குச் சற்று முன்னால்தான் இயேசு சீஷர்களைப் பார்த்து, கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா என்று கேட்கிறார். அடுத்த பகுதியில் பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறான், சரியாகக் கண்டுவிட்டான். உடனே சிலுவைப் பாடு என்றதும் ஆண்டவரையே தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறான், "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்ற சொல்லையும் வாங்கிக்கொள்கிறான். கிறிஸ்துவைக் கண்டான், சிலுவையைக் காணவில்லை. அவனுக்கும் மனுஷர் மரங்களைப்போலத்தான் தெரிந்தார்கள். அங்கிருந்து 10-ம் அதிகாரக் கடைசிவரை இயேசு மூன்று தடவை தம் மரணத்தைச் சொல்கிறார், மூன்று தடவையும் சீஷர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் எரிகோ வழியோரத்தில் பர்திமேயு என்ற குருடன் வருகிறான். சீஷர்களான யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்ட அதே கேள்வியை, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்பதை, இயேசு இவனிடமும் கேட்கிறார். அவர்கள் இருவரும் வலதுபக்க, இடதுபக்க ஆசனம் கேட்டார்கள். இவன் பார்வை கேட்டான். பார்வை வந்ததும் வீட்டுக்குப் போகாமல், எருசலேமுக்குப் போகும் அந்த வழியிலேயே அவருக்குப் பின்னே போனான். மனக்கண் திறந்தது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இந்த ஒரு வசனத்தைத்தான் காட்டுவேன்.

இது மெதுவாக நடக்கும் என்பதற்குச் சரித்திரத்திலிருந்தும் ஒரு ஆள். குருடனாயிருந்தேன் இப்போது காண்கிறேன் என்று பாடும் "அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதிய ஜான் நியூட்டன். 1748-ல் கடலில் புயலில் மாட்டி, கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு, அதையே தன் மனந்திரும்புதலின் நாளாகக் கடைசிவரை நினைத்தவர். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டன் ஆனார். தினமும் ஜெபிப்பார், வேதம் வாசிப்பார், கீழ்த்தட்டில் ஆப்பிரிக்க மனுஷர் சங்கிலியில் கிடப்பார்கள். 1754-ல் கடல் வேலையை விட்டதும் உடம்பு முடியாமல்தான், மனசாட்சி குத்தி இல்லை. ஓல்னி என்ற ஊரில் போதகராக இருந்தபோது 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அந்தப் பாட்டை எழுதினார். அடிமை வியாபாரத்தின் கொடுமையை வெளிப்படையாக எழுதி அச்சிட்டது 1788-ல். புயலிலிருந்து 40 வருஷம். அவருடைய மனந்திரும்புதல் பொய் என்று நான் சொல்லமாட்டேன். முதல் தொடுதலில் ஆண்டவரைக் கண்டார், அந்தக் கீழ்த்தட்டில் கிடந்தவர்களை மனுஷராகக் காண இரண்டாம் தொடுதல் வேண்டியிருந்தது. நமக்கும் அப்படி யாரோ மரமாகத் தெரிந்துகொண்டிருக்கலாம், அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

மேல்வீட்டறை எழுதியது:

அண்ணன் சொன்ன வசனமெல்லாம் சரி, ஆனால் இதை வாசிக்கிற யாரும் தரிசனமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவன். "உங்கள் வாலிபர் தரிசனங்களை அடைவார்கள்" என்று யோவேல் தீர்க்கதரிசி சொன்னதைப் பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எடுத்துச் சொன்னார், அது வேதத்தில் இருக்கிறது. எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் தோத்தான் என்ற ஊரில் அக்கினி ரதங்களைக் கண்ணால் கண்டான். யோப்பாவில் மேல்வீட்டில் பேதுரு ஒரு பெரிய துப்பட்டி இறங்கி வருவதைக் கண்டார்.

அதே நேரம், தரிசனம் கண்டதும் புரிந்துவிடும் என்றும் இல்லை. பேதுரு மூன்று தடவை அந்தத் துப்பட்டியைக் கண்டபிறகும் இதற்கு என்ன அர்த்தம் என்று குழம்பிக்கொண்டே இருந்தார், கீழே கொர்நேலியு என்ற யூதரல்லாத ஒருவர் அனுப்பின ஆட்கள் வந்து வாசலில் நிற்கும்வரைக்கும். புறஜாதியானுடைய வீட்டுக்குள் போய் நின்றபோதுதான் தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று வாயைத் திறந்து சொல்கிறார். அந்தத் தரிசனம் அவரை ஒரு அயலான் வீட்டுக்குள் கொண்டுபோயிருக்கிறது. உங்கள் அம்மா கேட்ட தரிசனம் அயல்வீட்டுக்காரரை வெளியே தள்ளியிருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை, பிரதர்.

எங்கள் சபையில் யாராவது தரிசனம் சொன்னால் மூப்பர்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து நிதானிப்பார்கள். 1 கொரிந்தியர் 14:29 அதைத்தான் சொல்கிறது, "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்". நிதானிக்க ஆளில்லாத இடத்தில் இப்படித் தனியாக ஒரு அம்மாவிடம் போய்ச் சொல்வது ஒழுங்கே இல்லை.

வைகைக்கரை எழுதியது:

நான் கத்தோலிக்கப் பெண், உங்கள் பேச்சில் நடுவில் வரலாமா தெரியவில்லை, ஆனால் பாம்பு என்று வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் ஸ்பெயினில் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தது 1521-ல். படுக்கையில் கிடந்தபோது மனம் மாறி, அடுத்த வருஷம் மன்ரேசா என்ற ஊரில் கடுந்தவத்தோடு மாதக்கணக்கில் தங்கினார். அங்கே அவருக்குப் பட்டப்பகலில் காற்றில் ஒரு உருவம் தெரியும். பாம்பு மாதிரி வடிவம், உடம்பெல்லாம் கண்கள்போல மின்னும், ஆனால் கண்கள் அல்ல. மிக அழகாக இருக்குமாம். பார்க்கப் பார்க்க ஆறுதல், மறைந்துவிட்டால் வருத்தம். இது என்னவென்று அவருக்கு வெகு நாளாகப் புரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஊருக்கு வெளியே ஒரு கோவிலுக்கு நடந்துபோகும்போது, கீழே கார்தோனேர் ஆறு ஓட, அதைப் பார்த்தபடி வழியில் உட்கார்ந்தார். அங்கே அவருடைய அறிவின் கண்கள் திறக்கத் தொடங்கின. கடைசிக் காலத்தில் தன் கதையைச் சொல்லி எழுதவைத்தபோது, காட்சி எதையும் காணவில்லை, ஆனால் விசுவாசம் பற்றியும் படிப்பு பற்றியும் பல விஷயங்கள் விளங்கின, எல்லாமே புதிதாகத் தெரிந்தன என்று தெளிவாகச் சொல்கிறார். வாழ்நாள் முழுவதும் தேவனிடம் பெற்ற உதவிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த ஒரு தடவை பெற்றதற்கு ஈடாகாதாம். எத்தனையோ காட்சிகள் கண்ட மனிதர் சொல்கிறார் இதை!

உடனே பக்கத்தில் இருந்த சிலுவை ஒன்றின் முன்னால் முழந்தாளிட்டு நன்றி சொல்லப் போனார். அங்கேயும் அந்தப் பாம்பு உருவம் வந்தது. சிலுவைக்கு முன்னால் பார்த்தபோது அதற்கு வழக்கமான அழகான நிறம் இல்லை. அது பேயின் வேலை என்று அப்போதுதான் அவருக்குத் திட்டமாகத் தெரிந்தது. பிறகும் அது அடிக்கடி வந்தது, கையில் இருந்த ஊன்றுகோலால் அலட்சியமாக விரட்டிவிட்டார்.

எனக்கு இதில் பிடித்தது, காட்சி முதலில் வந்தது, பார்வை பிறகு வந்தது. காட்சி தெரிவதையே அகக்கண் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த அழகான பாம்பைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். கண்ட காட்சி யாரிடமிருந்து வருகிறது என்று சொல்லத் தெரிந்ததுதான் திறந்த கண்.

எங்கள் தியானத்தில் ஃபாதர் சொல்லிக்கொடுத்த அவருடைய ஒழுங்கு ஒன்று உண்டு. நல்வழியில் முன்னேறப் பாடுபடுகிறவர்களைத் தீய ஆவி குடைந்து, வருத்தி, இல்லாத காரணங்களைச் சொல்லிக் கலக்கும், நல்ல ஆவி தைரியமும் பலமும் அமைதியும் தரும். தம்பி, உங்கள் அம்மாவுக்கு வந்தது இதில் எது?

விரல்வாசகன் எழுதியது:

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். இந்த இழையை போன் வாசித்துக் காட்டக் கேட்டேன். யாரும் என்னைப் புண்படுத்தவில்லை, ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

"மறைவான பாவம்" என்ற சொல்லை நான் சிறுவயதிலிருந்து கேட்கிறேன். கன்வென்ஷன் பந்தலில் என்னை மேடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணில் எண்ணெய் பூசுவார்கள், ஒன்றும் நடக்காவிட்டால் விசுவாசக் குறைவு என்பார்கள், சிலர் அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். யோவான் 9-ல் சீஷர்கள் கேட்ட கேள்வியும் அதுவே, இவன் செய்த பாவமோ பெற்றவர்கள் செய்த பாவமோ என்று. இரண்டும் இல்லை என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. உங்களிடம் கேட்டவருக்கும் இந்த அதிகாரத்தையே காட்டுங்கள்.

அந்த அதிகாரத்தில் குருடனாயிருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காண்கிறான். முதலில் "இயேசு என்னப்பட்ட ஒருவர்" என்கிறான். அப்புறம் தீர்க்கதரிசி என்கிறான். அப்புறம் தேவனிடத்திலிருந்து வந்தவர் என்று வாதாடி ஜெப ஆலயத்திலிருந்தே தள்ளப்படுகிறான். கடைசியில் "ஆண்டவரே, விசுவாசிக்கிறேன்" என்று பணிந்துகொள்கிறான். நல்ல கண் இருந்த பரிசேயரோ, அந்த யூத மதத்தலைவர்கள், அதிகாரம் ஓட ஓட இருட்டுக்குள் போகிறார்கள். "நீங்கள் காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது" என்று அவர்களிடம்தான் சொன்னார். காணவில்லை என்று ஒப்புக்கொண்ட யாரிடமும் அல்ல. அதேபோல பர்திமேயு, "தாவீதின் குமாரனே" என்று கத்தினது பார்வை வருவதற்கு முன்னால். அது கிறிஸ்துவுக்குரிய பட்டப்பெயர். கூட்டத்தில் கண் தெரிந்த இத்தனை பேர் நசரேயனாகிய இயேசு என்றுதான் சொன்னார்கள்.

அலெக்சாந்திரியாவில் திதிமுஸ் என்று ஒருவர் இருந்தார், நாலாம் நூற்றாண்டு. நாலு வயது வாக்கில் பார்வை போனது. மரத்தில் செதுக்கிய எழுத்துக்களை விரலால் தடவிப் படித்தார் என்று பழைய சபை வரலாறு சொல்கிறது, பிரெயில் வருவதற்கு 1400 வருஷத்துக்கும் மேல் முன்னால்! அங்கிருந்த புகழ்பெற்ற வேதபாடசாலைக்குத் தலைவராகி, ஜெரோம் போன்றவர்களுக்கே ஆசிரியராக இருந்தார். வனத்தில் தவமிருந்த துறவி அந்தோணியார் ஒருமுறை அவரைச் சந்தித்து, கண் போனதில் வருத்தம் உண்டா என்று கேட்டாராம். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் கேட்டபிறகுதான் உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஈக்கும் கொசுவுக்கும்கூட இருக்கிற கண் போனதற்கு வருந்தாதே, தேவதூதர்கள் காணும் கண் உனக்கு இருக்கிறதே, மகிழ்ச்சியாயிரு என்றார் அந்தோணியார். அந்தப் பதிலை எல்லாரும் பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அவ்வளவு பெரிய வேத அறிஞர் வருத்தம் உண்டு என்று சொன்னது. உள்பார்வை இருக்கிறவனுக்குத் துக்கமே இருக்காது என்று நினைக்கிறவர்கள் அதைக் கேட்கவேண்டும்.

குமரிக்காற்று எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. விரல்வாசகன் அண்ணா, யோவான் 9-ஐ நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அந்தக் குருடன் பரிசேயரிடம் "அவருக்குச் சீஷராக உங்களுக்கும் மனதுண்டோ" என்று கேட்கும் இடத்தில் அம்மா சிரித்துவிட்டார். ரொம்ப நாளுக்கப்புறம்.

இன்னும் இரண்டு விஷயம். பக்கத்து வீட்டுக்காரர்கள்மேல் அம்மாவுக்கு வந்த சந்தேகத்தை எப்படிப் போக்குவது? நான் அந்தக் கூட்டத்துக்குத் தொடர்ந்து போகலாமா, வேண்டாமா?

மேல்வீட்டறை எழுதியது:

பிரதர், 1 கொரிந்தியர் 14:3-ஐ அம்மாவிடம் காட்டுங்கள். தீர்க்கதரிசனம் சொல்கிறவன் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் உண்டாகப் பேசுகிறான் என்றுதான் இருக்கிறது. அம்மாவுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது கிடைத்ததா? இல்லையென்றால் அதைச் சுமக்கவேண்டிய கடமை அவருக்கு இல்லை. அந்த அக்காவைத் திட்டவேண்டாம், அவரும் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். அம்மாவோடு நீங்களே போய், இந்த வார்த்தையால் வீட்டில் இப்படி ஆகிவிட்டது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அவருக்கும் அது தெரியவேண்டும்.

எம்மாவு வழி எழுதியது:

பக்கத்து வீட்டு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. "தன் சகோதரனைப் பகைக்கிறவன் இருளிலே இருந்து இருளிலே நடக்கிறான்", அந்த இருள் அவன் கண்களைக் குருடாக்கிவிட்டது என்று 1 யோவான் 2:11 சொல்கிறது. வேதத்தில் மனக்கண் மங்குவதற்கு இவ்வளவு நேரடியாகக் காரணம் சொல்லும் இடங்கள் குறைவு.

தோத்தான் சம்பவத்தை மேல்வீட்டறை தம்பி சொன்னார். 2 இராஜாக்கள் 6-ஐ அக்கினி ரதத்தோடு நிறுத்திவிடாமல் 23-ம் வசனம்வரை அம்மாவோடு வாசியுங்கள். எலிசா மூன்று தடவை கண்ணைப்பற்றி ஜெபிக்கிறார். வேலைக்காரன் கண்ணைத் திறக்க, தன்னைப் பிடிக்க வந்த சீரிய சேனையின் கண்ணை மயக்க, பிறகு சமாரியாவின் நடுவில் அவர்கள் கண்ணையும் திறக்க. இஸ்ரவேலின் ராஜா வெட்டட்டுமா என்று ஆசையோடு கேட்கிறான். எலிசா, வேண்டாம், அப்பமும் தண்ணீரும் வை என்கிறார். பெரிய விருந்து நடக்கிறது, சாப்பிட்டு ஊருக்குப் போகிறார்கள், அந்தப் படைகள் அப்புறம் வரவே இல்லை. உண்மையான சத்துருவுக்கே விருந்து வைக்கச் சொன்னவர், உங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்க வேண்டாம் என்றா சொல்வார்? இந்த வாரமே அம்மா கையால் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுபோவதைவிட அம்மாவே போனால் நல்லது. ராத்திரி படுக்குமுன் சங்கீதம் 121-ஐச் சேர்ந்து வாசியுங்கள், உறங்காமல் காக்கும் வேலை யாருடையது என்று அதில் இருக்கிறது. அப்படியும் தூக்கம் வராவிட்டால் டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள், அது விசுவாசக் குறைவு இல்லை.

கூட்டத்துக்குப் போவதை உடனே நிறுத்த வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் முறை வரும்போது மனதில் ஓடுகிற வசனத்தைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். அதைக் கேட்டு இன்னொருவரும், எனக்கும் படம் எதுவும் தெரிவதில்லை, வசனம்தான் ஓடுகிறது என்று சொல்லத் துணியலாம், அப்படி அங்கே எத்தனை பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்களோ. நடத்துகிறவரிடமும் தனியாகப் பேசுங்கள், சொல்லப்படுகிற தரிசனங்களை நிதானிக்க இரண்டு பேரை வைக்கலாமா என்று கேளுங்கள். அவர் கேட்டுக்கொண்டால் நல்லது. கேட்காமல் மறுபடியும் எல்லார் முன்னாலும் உங்கள் பாவத்தைத் தேட ஆரம்பித்தால், வேதத்தை வரிவரியாக வாசிக்கிற வேறு ஒரு கூட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.